இலையடி முட்டைகளில் பகையும் நட்பும்



விதைக்கும் எருவுக்கும் சங்கத்தில் கடன் பெற்ற குடியானவர் அக்கடனை விளைச்சலைக் கொண்டே தீர்க்க வேண்டியவராவர். அவ்விளைச்சலை அழிக்கும் புழுவோ முதலில் இலையின் அடிப்புறத்தில் முட்டையாக இருக்கின்றது. முட்டையை இன்னதென்று அறிந்தவர்க்குச் செலவு குறையும். ஆயினும் இலையில் காணும் முட்டைகள் யாவும் பகையல்ல.

ஆமணக்கு, நிலக்கடலை, மிளகாய், புகையிலை முதலியவற்றைத் தின்னும் வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, முட்டைகளை நூற்றுக்கணக்கில் ஒரே குவியலாக இட்டுப் பழுப்பு மயிரால் மூடிவிடும். அது இலையில் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு போலத் தோன்றும். சில நாட்களில் பொரியும் இளம் புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து சுரண்ட, இலை வெளுத்துச் சல்லடை போலாகும். அச்சமயம் அவ்விலையைப் பறித்து மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டால் கூட்டம் முழுவதும் ஒழியும். வளர்ந்த பின்னர் அவை பிரிந்து, பகலில் மண்ணில் ஒளிந்து இரவில் மேயுமாதலால் பிடிப்பது அரிது. இப்பூச்சி ஆமணக்கைப் பெரிதும் விரும்பும். ஆகையால் நிலக்கடலை வரப்பில் ஆமணக்கு நட்டு, அதன் இலைகளை அடிக்கடி திருப்பிப் பார்த்தல் நலம்.

கத்தரி இலையடியில் மஞ்சள் முட்டைகள் நெட்டுக்குத்தாய்க் கூட்டமாக நிற்பதுண்டு. அவை இலையைச் சுரண்டும் புள்ளி வண்டினுடையவையாகவும் இருக்கலாம். அசுவினியைத் தின்று பயிரைக் காக்கும் பொறிவண்டினுடையவையாகவும் இருக்கலாம். ஐயமாயின் அவ்விலையைக் கண்ணாடிச் சீசாவில் இட்டு, மெல்லிய துணியால் வாய்கட்டிப் பொரியும்வரை பார்த்தல் வேண்டும். மஞ்சள் நிறமாய் உடலெங்கும் கிளைத்த முள்ளுடன் வெளிப்படுவது பகை. கருமையாய் நீண்டு விரைந்து ஓடுவது நட்பு; அதனைச் செடியிலேயே விட்டுவிடலாம்.

மயிர் போன்ற காம்பின் நுனியில் நிற்கும் சிறு முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது. அதன் புழுவும் அசுவினியைத் தின்னும்.

சில புழுக்களின் உடல்மேல் வெள்ளரிசி போன்றவை ஒட்டியிருக்கக் கண்டு, அவை புழுவிட்ட முட்டைகள் என்று நசுக்குவோர் பலர். புழு முட்டையிடுவதில்லை, அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும் ஆனபின்னரே இடும். அவ்வெண்மணிகள் புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதனைக் கொல்லும் சிறு குளவிகளின் கூடுகளாம். அப்புழுவைத் தொடாது விட்டால் குளவிகள் பெருகி மற்றப் புழுக்களையும் தாக்கும்.

இவற்றை அறியாது மருந்து தெளிப்பின் நட்புப் பூச்சிகளும் மடியும். பின்னர் அசுவினி தடையின்றிப் பெருகும். மருந்துச் செலவு ஏறும். கடன் தவணையும் தவறும்.

அந்துப்பூச்சி வரப்பைத் தாண்டிப் பறக்கக் கூடியது. ஒருவர் தோட்டம் மட்டும் சுத்தமாயிருந்து பயனில்லை. ஆதலின் அங்கத்தினர் யாவரும் வாரம் ஒரு நாளைக் குறித்து, காலையில் அவரவர் தோட்டத்து இலையடிகளைப் பார்த்து, கண்டதைச் சங்கக் கட்டடத்திற்குக் கொணர்ந்து ஒருவர்க்கொருவர் காட்டுவாராக.