கட்டடத்துக்குச் சான்று, துறைக்கு?

(கழகத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றின் வாயிலில் இன்று தரச்சான்றிதழ் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கக் காண்கிறோம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ?" என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன்.

2013ஆம் ஆண்டு இந்திய அரசு வகுத்த தேசியத் தர உறுதிப்பாட்டு நெறிகள் அரசு மருத்துவமனையை எட்டுக் கூறுகளாகப் பிரித்து அளக்கின்றன. பிரசவ அறையில் கை கழுவத் தண்ணீர் வருகிறதா? ஊசியும் பஞ்சும் நிறம் பிரித்த தொட்டிகளில் சேர்கின்றனவா? முழுமைக்கு 2, அரைகுறைக்கு 1, இல்லாமைக்கு 0. ஏடுகளைப் புரட்டுகின்றனர், ஊழியரைக் கேட்கின்றனர், நோயாளியையும் கேட்கின்றனர். 100க்கு 70 பெற்றால் சான்று. அதுவும் 3 ஆண்டுகளுக்கே! கூலிக்காரர் வீட்டுப் பெண் பிள்ளை பெறும் அறைக்கும் அளவுகோல் உண்டு என்ற நிலை பிறந்திருக்கிறதே, அது ஏழைக்குக் கிடைத்த மதிப்பு. "இலவசந்தானே, எப்படியிருந்தால் என்ன?" என்ற பழம்பேச்சின் தலையில் விழுந்த அடி!

ஆனால், சான்று பெறுவது நிலையம், துறை அன்று. நிலையத்தின் சுற்றுச்சுவருக்கு அப்பால் நடப்பதை அளப்பார் யார்? குடிநீர்த் தொட்டியில் நாள்தோறும் குளோரின் கலந்தார்களா? ஒரே தெருவில் நால்வருக்குக் காய்ச்சல் கண்டால் அச்செய்தி மாவட்ட அலுவலகத்தை எத்தனை நாளில் எட்டிற்று? எட்டிய பின் எவர் வந்தார்? 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர், வடிகால், தொற்றுநோய், கொசு ஒழிப்பு என இக்கடமைகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. மாற்றார் ஆட்சியில் பிறந்த சட்டமே எனினும் நல்லதை நல்லதென்போம். நோய் தீர்ப்பதற்கு ஒரு துறை, நோய் வராது காப்பதற்குத் தனி இயக்குநரகம் என வைத்து நடத்தும் மாநிலம் நம்முடையது. அத்தகைய துறை சோதனைக்கு அஞ்சலாமா?

அமெரிக்க நாட்டில் இதற்கென்றே 2007ஆம் ஆண்டு தனி வாரியம் ஒன்று அமைத்தனர். அது ஆய்வது மருத்துவமனையை அன்று, பொதுச் சுகாதாரத் துறையையே! 2013இல் முதன்முதலாக 11 துறைகள் சான்று பெற்றன. சான்று கேட்டு வருமுன், ஊராரின் உடல்நிலை பற்றிய மதிப்பீடு, அதனைச் சீர்செய்யும் திட்டம், துறையின் சொந்தச் செயல்திட்டம் ஆகிய மூன்றையும் கையில் கொண்டு வா என்றனர். அங்கே எல்லாம் பொன்னாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அரசியல் நெருக்குதலால் பதவி இழந்த சுகாதார அதிகாரிகள் அந்நாட்டில் பலர். அளவுகோல் இருந்தும், அதைப் பிடித்த கையை ஆட்சியாளர் காக்கவில்லை!

பொதுச் சுகாதாரம் அரசியலமைப்பின் 7ஆம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 6ஆம் இனம். டில்லி நம் மருத்துவமனைகளுக்கு மதிப்பெண் போடட்டும், மறுக்கவில்லை. ஆயின் நலவாழ்வு மையங்களுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று பெயர் சூட்டுக என 2023இல் எழுதிற்றே, அதனால் ஒரு காய்ச்சலாவது தணிந்ததா? நம் துறையை அளக்கும் கோலை நாமே செய்வோம். மாவட்டந்தோறும் அளந்து, முடிவை மக்கள் அறிய வெளியிடுவோம். ஆட்சி எவர் கையில் இருப்பினும் இதைக் கேட்போம்.

இன்னொன்று. ஆய்வுக்குழு வரும் வாரத்தில் சுவர் வெளுப்பதும், பதிவேடுகளை இரவெல்லாம் விழித்து நிரப்புவதும் சில இடங்களில் வழக்கம். அந்த இரவில் விழித்திருப்பவர் யார்? மூவர் செய்யும் வேலையை ஒருவராகச் சுமக்கும் செவிலியர்! காலிப் பணியிடத்தால் விழுந்த 0ஐ அவர் எழுதுகோலால் திருத்த முடியுமா?

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர் நோயாளர் நலச் சங்கத்துக்குச் செல்லுங்கள். சான்றிதழைக் கேட்காதீர்கள், ஆய்வில் கண்ட குறைகளின் பட்டியலைக் கேளுங்கள். நிலையத்தார் தீர்க்கக்கூடியவை எவை, அரசு ஆள் அமர்த்தினாலன்றித் தீராதவை எவை என்று பிரியுங்கள். முன்னதை மருத்துவ அலுவலரிடம் பணிவோடு பேசுங்கள். பின்னதைச் சட்டமன்ற உறுப்பினரின் மேசைமீது வையுங்கள், அவர் நம் கழகத்தவரே ஆயினும்.