தனுஷ்கோடிக்கு ஓர் ஆற்றுப்படை



புதுவைக்கு வடக்கேயுள்ள மரக்காணமே எயிற்பட்டினம் என்பர் அறிஞர். யாழ் சுமந்து வரும் பாணனுக்கும் விறலிக்கும் அங்குள்ள பரதவர் தேறலும் சுட்ட மீனும் தருவர் என்று சிறுபாணாற்றுப்படை வழிகாட்டுகிறது. துறையைச் சொன்ன புலவர் துறைமாந்தரையும் சொன்னார்.

இன்று முதுகில் பை சுமந்த இளம் இணையர் தென்கோடியிலுள்ள தனுஷ்கோடிக்குச் செல்கின்றனர். 2017இல் அரிச்சல்முனைவரை சாலை திறக்கப்பட்டதால் வழி எளிதாயிற்று. 1914 முதல் தொடர்வண்டியில் வந்தோர் தலைமன்னாருக்குக் கப்பலேறிய துறை அது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல், பாம்பனிலிருந்து வந்த வண்டியைப் பயணிகளோடு கடலுக்கு இரையாக்கியது. வாழத் தகாத ஊர் என அரசு அறிவித்தது.

இணையர் இடிந்த தேவாலயத்தைப் படமெடுத்துத் திரும்புகின்றனர். அச்சுவர்களுக்கு அருகிலேயே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. இரு கடல்களுக்கு நடுவே மணலைத் தோண்டி, ஊறும் நன்னீரை முகந்து குடிக்கின்றன. அரசின் அறிவிப்பை அந்த ஊற்று நாள்தோறும் மறுக்கிறது.

தனுஷ்கோடியைப் பாடும் நம் கவிஞர்களும் பெரும்பாலும் சுவர்களையே பாடுகின்றனர். அங்கே தண்ணீர் தருபவர் யார் என்பதையும் பாடுங்கள். அடுத்து வரும் இணையர் அவ்வாயிலில் நிற்கட்டும்.