ஐஸ்லாந்து: மீனும் ராணுவத் தளமும்

(கட்சி உறுப்பினர் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



1976 பிப்ரவரி 19 அன்று ஐஸ்லாந்து பிரிட்டனுடனான தூதரக உறவை முறித்துக் கொண்டது. இரண்டுமே நேட்டோ உறுப்பு நாடுகள். ஒன்றிடம் அணு ஆயுதமும் பெரும் கடற்படையும் இருந்தன. மற்றொன்றிடம் ராணுவமே கிடையாது. கடலோரக் காவல் படையின் சில ரோந்துக் கப்பல்கள் மட்டுமே இருந்தன. அதன் மக்கள்தொகை அன்று சுமார் 2,20,000. மூன்றரை மாதங்களுக்குப் பின், ஜூன் 1 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தது பிரிட்டன்தான்.

இன்று ஆர்க்டிக் பகுதியில் பனி உருகுகிறது. கப்பல் பாதைகளுக்கும் கனிமங்களுக்கும் வல்லரசுகள் போட்டியிடுகின்றன. கிரீன்லாந்தை வாங்குவது பற்றி அமெரிக்க ஜனாதிபதியே வெளிப்படையாகப் பேசுகிறார். இச்சூழலில் ஒரு சிறிய வடதேசம் எங்கே தன் குரலைக் கேட்கச் செய்தது, எங்கே இழந்தது என்பதை ஆராய ஐஸ்லாந்தின் அனுபவம் உதவும்.

முதலில் மீனைப் பற்றி. ஐஸ்லாந்தில் நிலக்கரி இல்லை, எண்ணெய் இல்லை. விளைநிலமும் மிகக் குறைவு. கடல்தான் வாழ்வு. அக்கடலை நெடுங்காலமாக அரித்து வந்தவை பிரிட்டிஷ் இழுவலைக் கப்பல்கள். 1952இல் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 4 கடல் மைலாக விரிவாக்கியதும், பிரிட்டிஷ் மீன் முதலாளிகள் ஐஸ்லாந்துக் கப்பல்கள் தங்கள் துறைமுகங்களில் மீனை இறக்க விடாமல் தடுத்தனர். பட்டினி போட்டுப் பணிய வைப்பதே நோக்கம். ஆனால் 1953இல் சோவியத் யூனியன் வர்த்தக ஒப்பந்தம் செய்து மீனை வாங்கிக்கொண்டு எண்ணெய் அளித்தது. நேட்டோ நாடு ஒன்றின் மீன்பிடிக் கப்பல்கள் சோவியத் எண்ணெயில் ஓடின! முற்றுகை தோற்றது.

1958இல் எல்லை 12 மைலாயிற்று. 1972இல் 50 மைலாயிற்று. இவ்விரு முறையும் மீன்வளத்துறை அமைச்சராக இருந்தவர் லூத்விக் யோசெப்சன். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர், பின்னர் இடதுசாரிகளின் மக்கள் கூட்டணியின் தலைவர்களில் ஒருவர். பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்து ரோந்துக் கப்பல்களின் ஆயுதமோ எளிமையானது: கடலுக்கடியில் இழுத்துச் செல்லப்படும் ஒரு வெட்டுக்கருவி. பிரிட்டிஷ் கப்பலின் இழுவலைக் கம்பியை அது அறுத்துவிடும். வலையும் மீனும் கடலோடு போகும். சர்வதேச நீதிமன்றம் 1974இல் பிரிட்டனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தையே ஐஸ்லாந்து ஏற்கவில்லை. 1975இல் எல்லை 200 மைலாக அறிவிக்கப்பட்டபோது ஆட்சியில் இருந்தது வலதுசாரிக் கட்சியின் தலைமையிலான அரசு. மீனவர்களின் கோரிக்கையை மறுக்கும் துணிவு எந்தக் கட்சிக்கும் இல்லாத நிலை அதற்குள் உருவாகியிருந்தது.

200 மைல் என்ற கோரிக்கை ஐஸ்லாந்தின் கண்டுபிடிப்பு அல்ல. சிலி, பெரு, ஈக்வடார் ஆகிய நாடுகள் 1952ஆம் ஆண்டின் சாண்டியாகோ பிரகடனத்திலேயே அதை முன்வைத்திருந்தன. இந்தியாவும் 1976இல் சட்டமியற்றி 200 மைல் பொருளாதார மண்டலத்தை நிறுவியது. ஐஸ்லாந்தை எதிர்த்த பிரிட்டனே 1977 தொடக்கத்தில் தனக்கும் 200 மைல் மீன்பிடி எல்லையை அறிவித்துக் கொண்டது வரலாற்றின் வேடிக்கை.

ஆயினும் வெற்றிக்கு மீனவர்களின் உறுதி மட்டுமே காரணம் என்று கூறினால் அது பாதி உண்மையே. மறுபாதி கெஃப்லாவிக் என்ற ராணுவத் தளம்.

1949 மார்ச் 30 அன்று நேட்டோவில் சேரும் தீர்மானத்தை ஐஸ்லாந்தின் நாடாளுமன்றமான ஆல்திங் 37க்கு 13 என்ற வாக்குகளில் நிறைவேற்றியபோது, வெளியே சதுக்கத்தில் திரண்ட மக்கள் மீது கண்ணீர்ப் புகைக்குண்டு வீசப்பட்டது. 1951 மே மாதம் அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆல்திங் கூட்டப்படவில்லை; மூன்று கட்சிகளின் உறுப்பினர்களிடம் மட்டும் ரகசியமாக ஒப்புதல் பெறப்பட்டது; சோஷலிஸ்ட் கட்சியினரிடம் ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. சில நாட்களிலேயே அமெரிக்கத் துருப்புகள் வந்திறங்கின. 1956இல் அவர்கள் வெளியேற வேண்டும் என்று ஆல்திங் தீர்மானித்தது. சூயஸ், ஹங்கேரி நிகழ்வுகளைக் காரணம் காட்டி அத்தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது.

சோவியத் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கிற்குள் நுழையும் வழியைக் கண்காணிக்க கெஃப்லாவிக் இன்றியமையாதது. ஆகவே மீன் பிரச்சினையில் ஐஸ்லாந்து கோபித்துத் தளத்தை மூடிவிடுமோ என்ற அச்சம் நேட்டோவைப் பிடித்தது. லண்டன் மீது அழுத்தம் விழுந்தது. தளத்தை எதிர்த்து இடதுசாரிகள் நடத்திய இடைவிடாத இயக்கமே அந்த அச்சத்திற்கு உயிர் கொடுத்தது. தளத்தை ஆதரித்த அரசாங்கங்கள்கூட அந்த எதிர்ப்பைக் காட்டித்தான் பேரம் பேசின.

பனிப்போர் முடிந்தது, பேரமும் முடிந்தது. 2006 மார்ச்சில் அமெரிக்கா தன் படைகளை விலக்கிக் கொள்வதாகத் தன்னிச்சையாக அறிவித்தது. செப்டம்பருக்குள் அவை வெளியேறின. ஐஸ்லாந்து அரசு கெஞ்சியும் பலனில்லை. 2008 மே மாதம் அமெரிக்கா, கனடா, ரஷ்யா, நார்வே, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் கூடி ஆர்க்டிக் பெருங்கடலின் எதிர்காலம் பற்றிப் பிரகடனம் வெளியிட்டன. ஆர்க்டிக் கவுன்சிலின் நிறுவன உறுப்பினரான ஐஸ்லாந்துக்கு அழைப்பில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அதன் வங்கிகள் சரிந்தபோது, பயங்கரவாதத் தடுப்புக்கென இயற்றிய சட்டத்தைக் கொண்டு பிரிட்டன் ஐஸ்லாந்து வங்கியின் சொத்துகளை முடக்கியது.

2011 மார்ச்சில் ஆல்திங் ஆர்க்டிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. சமூக ஜனநாயகவாதிகளும் இடது-பசுமை இயக்கமும் அமைத்த கூட்டணியின் ஆட்சி அது. ஐஸ்லாந்தும் ஆர்க்டிக்கின் கடலோர நாடே என்பதும், அப்பகுதி ராணுவமயமாவதை எதிர்க்க வேண்டும் என்பதும் அதன் சாரம். ஆர்க்டிக் வட்டம் ஐஸ்லாந்தைத் தொடுவது கிரிம்சே என்ற சிறு தீவில் மட்டுமே என்பதை நினைத்தால், முதல் கோரிக்கையின் தவிப்பு புரியும். 2013இல் சீனாவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்த முதல் ஐரோப்பிய நாடாயிற்று. அதே அரசுதான் 2011இல் 300 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சீன முதலாளி ஒருவர் வாங்குவதற்கு அனுமதி மறுத்தது.

இரண்டாவது கோரிக்கை என்னவாயிற்று? ஆர்க்டிக் கவுன்சிலை நிறுவிய 1996ஆம் ஆண்டின் ஒட்டாவா பிரகடனமே ராணுவப் பாதுகாப்பு விவகாரங்களை அதன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. இந்தியா உள்ளிட்ட பார்வையாளர் நாடுகளுக்கு அங்கே வாக்குரிமை இல்லை. 2016இல் அமெரிக்காவுடன் கூட்டறிக்கை. நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்கள் கெஃப்லாவிக்கிற்குத் திரும்பின. 2023 ஏப்ரலில், அணுசக்தியில் இயங்கும் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஐஸ்லாந்துக் கடற்பரப்பில் நின்று பொருட்களைப் பெற அனுமதிக்கப்பட்டது. அன்றைய பிரதமர் கத்ரின் யாகோப்ஸ்தோத்திர். நேட்டோவிலிருந்து வெளியேற வேண்டும் என்பதைத் தன் திட்டத்திலேயே எழுதி வைத்திருந்த இடது-பசுமை இயக்கத்தின் தலைவர் அவர். 2017 முதல் வலதுசாரிகளுடன் கூட்டணி அமைத்து ஆட்சி நடத்தினார்; வெளியுறவுத் துறை வலதுசாரிகளிடம் இருந்தது.

மீனும் அதே பாதையில் சென்றது. மீன்வளம் தேசத்தின் பொதுச்சொத்து என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பிரிவிலேயே கூறுகிறது. ஆனால் மீன்பிடி ஒதுக்கீட்டை விற்கவும் வாங்கவும் அதே சட்டம் அனுமதித்தது. ஒதுக்கீடு சில பெரும் நிறுவனங்களின் கையில் குவிந்தது; ஒதுக்கீட்டை இழந்த கடற்கரைக் கிராமங்கள் வேலையிழந்தன. இந்த முறை சமத்துவ உரிமையை மீறுகிறது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2007இல் இரு மீனவர்களின் புகாரில் கருத்துரைத்தது.

2024 நவம்பர் 30 தேர்தலில் இடது-பசுமை இயக்கம் ஓர் இடத்தைக்கூடப் பெறவில்லை. நேட்டோ பிரச்சினையே இதற்குக் காரணம் என்பது மிகையாகும். விலைவாசியும் வீட்டு நெருக்கடியும் வாக்காளர்களை அதிகம் வாட்டின. ஆனால் 1951ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதை ரத்து செய்யக் கோரும் கட்சி எதுவும் இப்போது ஆல்திங்கில் இல்லை.