குருதியில் ஓடும் சரக்கு வண்டிகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. ஆயினும் இவ்வாண்டு உடல்நலம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதி வருபவன். எனினும், மாரடைப்பைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்தவற்றைப் படித்தபோது, அதுவும் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கணக்காகவே எனக்குத் தோன்றிற்று. அக்கணக்கையே உங்கள்முன் வைக்கிறேன்.

காஞ்சிரங்குளம், பூவாறு, நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று எல்லையோர ஊர் எதற்குச் சென்றாலும் ஒரு பேச்சைக் கேட்கலாம்: "அந்தக் குடும்பத்தில் ஆண்கள் ஐம்பதைத் தாண்டுவதில்லை." சிலர் அதனைத் தலைவிதி என்பர்; சிலர் முன்னோர் சாபம் என்பர். பரிகாரம் செய்வோரும் உண்டு. அவ்வீட்டில் பெண் கொடுக்கத் தயங்குவோரும் உண்டு. இச்சாபங்களுள் பலவற்றுக்கு ஒரு மெய்ப்பெயர் உண்டு என்பதும், அதனை ஒரு சிறு குப்பி இரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்பதுமே இன்றைய என் பேச்சின் சாரம்.

எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது சமையலறையில் நிற்கும் தாய்மார் அனைவரும் அறிந்தது. குருதியோ பெரும்பாலும் நீர், கொழுப்போ எண்ணெய். அவ்வாறாயின் ஈரலில் உண்டாகும் கொழுப்பு உடலெங்கும் செல்வது எவ்வாறு? இயற்கை அதற்கென வண்டிகளை அமைத்திருக்கிறது. உள்ளே கொழுப்பும் கொலஸ்டிராலும் சரக்கு. வெளியே புரதம் கலந்த மெல்லிய உறை. இவ்வண்டிக்கு லிப்போபுரதம் என்று பெயர். நம் மொழியில் கொழுப்புப் புரதம் எனலாம். 1929ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் மாஷ்பெஃப் குதிரையின் இரத்தத்திலிருந்து இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தார்.

தயிரைக் கடைந்தால் வெண்ணெய் மேலே மிதக்கிறதல்லவா? அதுபோலவே இரத்த நீரை மிகப்பெரு வேகத்தில் சுழற்றினால், எடை குறைந்த வண்டிகள் மேலே மிதக்கும். இம்முறையால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து கோஃப்மன் என்பார் அவற்றை வகை பிரித்து, மாரடைப்பு நோயாளரிடம் ஒரு வகை வண்டிகள் மிகுந்திருப்பதை 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வழியில் வந்த ஆராய்ச்சியே எல்.டி.எல். என்ற வண்டியைக் குற்றவாளியாகக் காட்டியது. எச்.டி.எல். என்ற மற்றொரு வண்டி, மிச்சக் கொலஸ்டிராலை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டு செல்வது.

எல்.டி.எல். செய்யும் தீங்கு யாது? வேலை முடிந்த வண்டி ஈரலுக்குத் திரும்பிச் சரக்கை இறக்கிவிட வேண்டும். திரும்பாத வண்டிகள் தமனியின் உட்சுவரில் புகுந்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை விழுங்கவரும் வெள்ளணுக்கள் கொழுத்து, நுரைபோல் ஊதி, அங்கேயே மடிகின்றன. ஆண்டுக்கணக்கில் அவ்விடம் தடித்து மேடாகிறது. ஒருநாள் அம்மேடு வெடிக்கும், அதன்மேல் இரத்தம் உறையும், வழி அடைபடும். அதுவே மாரடைப்பு.

அந்த ஒருநாள் திடீரென்று வருவதுபோல் தோன்றும். உண்மை அதுவன்று. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் படைவீரரின் இருதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து 1953ல் ஓர் அறிக்கை தந்தனர். மாண்டோரின் சராசரி வயது 22. ஆயினும் நூற்றுக்கு 77 பேரின் இருதயத் தமனிகளில் இந்நோயின் சுவடு காணப்பட்டது. ஐம்பதில் விழும் இடி இருபதிலேயே கருக்கொள்கிறது என்பது இதனால் விளங்கும்.

இனிக் குடும்பச் சாபத்துக்கு வருவோம். அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவர், பிள்ளைப் பருவத்திலேயே மாரடைப்புக்கு ஆளாகும் அரிய நோய்க் குழந்தைகளின் தோலணுக்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தனர். எல்.டி.எல். வண்டி நின்று சரக்கு இறக்குவதற்கென அணுக்களின்மேல் மேடைகள் இருப்பதையும், அக்குழந்தைகளிடம் அம்மேடைகள் பழுதுபட்டிருப்பதையும் 1973, 1974ஆம் ஆண்டுகளில் கண்டனர். இறக்க மேடையில்லாத வண்டிகள் தண்டவாளத்திலேயே தேங்கினால் நிலையம் என்னவாகும்? அதுவே அவர்தம் குருதியில் நிகழ்ந்தது. இக்கண்டுபிடிப்புக்காக 1985ல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் இப்பழுதைப் பெறுவோர் மிகச் சிலரே. ஆனால் ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவோர் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர். வைத்தியம் செய்யாவிடில் இத்தகைய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐம்பது வயதுக்குள் இருதய நோய்க்கு ஆளாவர். அவர்தம் மக்கள் ஒவ்வொருவருக்கும் இப்பழுது வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி. அன்பர்களே, எந்த முன்னோரும் இட்ட சாபமன்று இது. பரம்பரைச் சொத்தைப்போல் கைமாறி வந்த ஒரு குறை, அவ்வளவே.

குறையைக் கண்ட விஞ்ஞானம் மருந்தையும் கண்டது. சப்பானில் அகிரா எண்டோ என்ற அறிஞர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973ல் ஒரு பூஞ்சணத்தில் மருந்துப் பொருள் கண்டார். அது வளர்ந்திருந்தது அரிசியில்! அவ்வழியில் பிறந்தவையே ஸ்டாட்டின் மாத்திரைகள். இவை ஈரல் தானே கொலஸ்டிரால் செய்வதைக் குறைக்கின்றன. தேவைக்குத் தவிக்கும் ஈரல் புது மேடைகளைத் திறந்து வண்டிகளை வரவழைத்துக்கொள்கிறது. 1994ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 நோயாளரிடம் நடந்த சோதனை, இம்மருந்து உண்டோரிடையே மரணம் நூற்றுக்கு 30 பங்கு குறைந்ததை மெய்ப்பித்தது.

இவையெல்லாம் வெளிநாட்டுச் செய்திகள்தாமே என்று எண்ணிவிட வேண்டா. நம் திருவனந்தபுரம் மாவட்டத்து நாட்டுப்புற மக்களிடையே நடத்திய ஓர் ஆய்வை இராமன்குட்டி, பாலகிருஷ்ணன் முதலியோர் 1993ல் வெளியிட்டனர். நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இருதய நோயின் அறிகுறி இருந்ததென்பது அதன் முடிவு. நகரத்தார் நோய் என்ற எண்ணம் அன்றே பொய்த்தது. 1976ல் தலைநகரில் தொடங்கி, 1980ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியச் சிறப்புப் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் நமக்கு அணித்தேயுள்ளது.

தேங்காயெண்ணெய் பற்றித் தாய்மார்கள் கேட்பீர்கள். ஏனைய தாவர எண்ணெய்களைக் காட்டிலும் அது எல்.டி.எல்.லைச் சற்று உயர்த்துவது உண்மை. கொச்சி அமிர்தா மருத்துவமனையில் 200 இருதய நோயாளரிடம் இரண்டாண்டு நடந்து 2016ல் வெளிவந்த ஆய்வில், தேங்காயெண்ணெய் உண்டோருக்கும் சூரியகாந்தி எண்ணெய் உண்டோருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அவர்கள் மருந்தும் உண்டு வந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. தேங்காயை வெறுக்க வேண்டா. அளவை மீறவும் வேண்டா.

இரத்தச் சோதனைச் சீட்டைக் கண்டு மிரள வேண்டுவதில்லை. மொத்தக் கொலஸ்டிரால் 240, எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 150 என்று இருப்பதாகக் கொள்வோம். 150ஐ ஐந்தால் வகுத்தால் 30. 240இலிருந்து 40ஐயும் 30ஐயும் கழித்தால் 170, அதுவே எல்.டி.எல். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் மட்டும் இக்கணக்கு ஒவ்வாது. எல்.டி.எல். 190ஐ எட்டினால், அது பரம்பரைப் பழுதாகவும் இருக்கலாம். மருத்துவரை உடனே காண வேண்டும். 1963ல் நார்வே நாட்டு பெர்க் கண்டறிந்த லிப்போபுரதம்-ஏ என்ற வண்டியும் பரம்பரையாய் வருவதே. அதனை வாழ்நாளில் ஒருமுறை அளந்தறிவது நலம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். 55 வயதுக்குள் தந்தையோ அண்ணன் தம்பியோ, 65 வயதுக்குள் தாயோ அக்காள் தங்கையோ மாரடைப்புக்கு ஆளான வீடு நம் காலனியில் இருக்குமாயின், அவ்வீட்டார் அனைவரும், பிள்ளைகள் உட்பட, மருத்துவரைக் கண்டு இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. திருமணமாகிப் பிற ஊர் சென்ற பெண்மக்களுக்கும் சொல்லியனுப்புக. பழுது ஆண்வழி மட்டும் செல்வதன்று. பீடி, சிகரெட்டை விடுக, நாள்தோறும் நடக்க. மருத்துவர் தந்த மாத்திரையை, உடம்பு நன்றாயிருக்கிறது என்று எண்ணித் தாமே நிறுத்தாதீர்கள். தேங்கும் வண்டிகள் ஓசையிடுவதில்லை.

சாபம் என்று அஞ்சியிருந்த வீட்டில் ஒரு பிள்ளையேனும் தன் பேரனைக் காணும் வயதுவரை வாழ்வானாயின், சங்கம் இம்மேடையை எனக்கு அளித்ததன் பயன் நிறைவெய்தும்.