பொருட்காட்சிசாலையின் புதுவாழ்வு

சென்னை எழும்பூரிலுள்ள பொருட்காட்சிசாலைக்கு நம் முன்னோர் வேடிக்கையாக ஒரு பெயர் இட்டிருந்தனர். அதனைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். விலங்குகளும் பறவைகளும் வாழும் தோட்டத்தை 'உயிர்க் காலேஜ்' என்பார்கள். கொல்கத்தாவிலுள்ள இந்தியப் பொருட்காட்சிசாலைக்கோ வங்காள மக்கள் 'ஜாதுகர்' என்று பெயர் வைத்தனர். மாயவித்தை நிகழும் வீடு என்பது அதன் பொருள். ஒரே வகையான நிலையம் ஓர் ஊராருக்கு உயிரற்றதாகவும், மற்றோர் ஊராருக்கு மாயம் நிறைந்ததாகவும் தோன்றியிருக்கிறது. உண்மையில் ஒரு காட்சிச்சாலை உயிரோடு இருப்பதும் இல்லாததும் அதனைப் பேணுவோர் கையையும், காண வருவோர் கண்ணையும் பொறுத்தவை.

கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியாகிய பெஹாலாவில் வாழும் தமிழராகிய நாங்கள், டயமண்ட் ஹார்பர் சாலை வழியே பேருந்தில் சௌரங்கிக்குப் போகும்போதெல்லாம் அந்த வெள்ளை மாளிகையைக் காண்கிறோம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் காளிகட்டம், தட்சிணேசுவரம், விக்டோரியா மண்டபம் ஆகியவற்றை அடுத்து நாங்கள் அழைத்துச் செல்லும் இடம் அது.

அதன் வரலாறு நெடியது. தரங்கம்பாடியைப் போலவே டேனியர் வசமிருந்த சீராம்பூரில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் நதானியல் வாலிச் என்பவரின் முயற்சியால், 1814ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஆசியச் சங்கத்தின் ஆதரவில் அது தோன்றியது. கட்டடக் கலைஞர் கிரான்வில் வகுத்த இன்றைய மாளிகையில் 1878 முதல் மக்கள் அனுமதிக்கப்பட்டனர். நடுவே சதுரமான முற்றம், அதனைச் சுற்றித் தூண் வரிசை, அதற்கப்பால் அகன்ற கூடங்கள் என்பது அதன் அமைப்பு.

இருநூறாம் ஆண்டு நெருங்கியபோது புதுப்பிக்கும் பணிக்காக 2013 செப்டம்பரில் காட்சிச்சாலை மூடப்பட்டது. சுமார் ஐந்து மாதங்கள் கழித்து, 2014 பிப்ரவரி 2ஆம் நாள், அந்நாள் பிரதமர் மன்மோகன் சிங் இருநூறாம் ஆண்டு விழாவைத் தொடங்கி வைத்தார். கதவுகள் மீண்டும் திறந்தன. மங்கிய சுவர்கள் வெண்மை பெற்றன. கூடங்களில் புதிய விளக்கொளி பரவியது. கண்டவர் மகிழ்ந்தனர், நாங்களும் மகிழ்ந்தோம்.

ஆயினும் அம்மகிழ்ச்சியில் ஒரு நெருடல் கலந்திருந்தது. பீகாரின் சம்பாரண் பகுதியிலுள்ள இராம்பூர்வாவில் அசோகர் காலத்துத் தூண் ஒன்றின் உச்சியில் அமர்ந்திருந்த சிங்கம் இக்காட்சிச்சாலையின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் செதுக்கி மெருகிட்ட கல் அது. புதுப்பிக்கும் பணியின்போது இடம் மாற்றுகையில் அச்சிங்கம் சேதமுற்றது என்ற செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்து நாட்டையே வருந்தச் செய்தது. இத்தனை நூற்றாண்டு வெயிலுக்கும் மழைக்கும் மண்ணுக்கும் தப்பிய சிங்கம், அதனைக் காப்பதற்கென்றே எழுந்த மாளிகைக்குள் ஊறுபட்டது. குறித்த நாளுக்குள் முடிக்கவேண்டும் என்னும் விரைவு, கல்லுக்கு உகந்த பொறுமையைத் தருவதில்லை.

விரைவின் தீமை இது என்றால், தாமதத்தின் தீமைக்கு நம் தாயகத்திலேயே சான்று உண்டு. எழும்பூர் வளாகத்தில் ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1909இல் திறக்கப்பெற்ற செந்நிற மண்டபம் ஒன்று உள்ளது. பத்தேபூர் சிக்ரியின் பெருவாயிலை நினைவூட்டும் முகப்புடையது. 1951இல் அது தேசியக் கலைக்கூடமாயிற்று. இரவிவர்மாவின் ஓவியங்களைப் பலரும் அங்கே கண்டிருப்பர். கட்டடம் வலுவிழந்தது என்று 2002இல் அது மூடப்பட்டது. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் உள்ளே செல்ல இயலாதிருந்தது. அக்காலத்தில் பிறந்த குழந்தைகள் அம்மண்டபத்தை வெளியே நின்று பார்த்தபடியே கல்லூரி வயதை எட்டிவிட்டனர். கலைப்பொருள் உடையவில்லை, ஆனால் ஒரு தலைமுறையின் கண்ணுக்கு அது இல்லாமற் போயிற்று.

ஐந்து மாத விரைவும் வேண்டா, இருபதாண்டுத் தாமதமும் வேண்டா என்றால், எதுதான் முறை? நம் கோயில்களின் திருப்பணியில் இதற்கு விடை உண்டு. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்து, தெய்வ உருவின் ஆற்றலை அங்கே எழுந்தருளச் செய்து, வழிபாடு நிற்காமல் பார்த்துக்கொள்வது வழக்கம். கல்தச்சர் தம் வேலையைப் பொறுமையாகச் செய்வர். அடியார் வருகையும் தடைபடாது. காட்சிச்சாலைக்கும் இம்முறை பொருந்தும். ஒரு கூடத்தைச் செப்பனிடும்போது மற்றொரு கூடம் திறந்திருக்கலாம். பெயர்த்தற்கரிய பொருளைப் பெயர்க்காமலே காப்பிட்டு வைக்கலாம். பெயர்த்தே ஆகவேண்டுமெனின், நாட்கணக்கை நோக்காத வல்லுநரிடம் ஒப்படைக்கலாம்.

இதில் நமக்கென்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை அம்மாளிகையின் உள்ளேயே இருக்கிறது. 1873இல் அலெக்சாந்தர் கன்னிங்காம் கண்டறிந்த பார்குத் தூபியின் செங்கல் நிறத்துக் கற்சுற்றுவேலி அங்கே நிற்கின்றது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அவ்வேலியின் தூண்களில், அவற்றை வழங்கியோர் பெயர்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. துறவியர், இல்லறத்தார், பெண்டிர் எனப் பலரும் கொடுத்திருக்கின்றனர். பலர் தம் ஊர்ப்பெயரையும் சேர்த்தே பொறித்துள்ளனர். முதல் தூணை வழங்கியவள் தொலைவிலுள்ள விதிசையைச் சேர்ந்த சாபாதேவி என்னும் பெண்மணி. மதுரைக்கருகே அழகர்மலைக் குகையிலும் இதே எழுத்தில், உப்பு வணிகர், பொன் வேலை செய்வோர் போன்றோரின் பெயர்கள் கொடையாளராய் நிற்கின்றன. பிறந்த ஊர் ஒன்றாக, பொருள் கொடுத்த ஊர் வேறாக இருந்தோர் அன்றே இருந்தனர். வெளிமாநிலத்தில் வாழ்ந்துகொண்டு பெயரோடு ஊரையும் சொல்லிக்கொள்ளும் நாம் அவர்கள் வழிவந்தவர்கள் அல்லமோ?

கலையும் நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் சென்றது. சென்னைக் கலைப்பள்ளியில் பணிபுரிந்த ஹேவெல், 1896இல் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளிக்கு வந்து, அயல்நாட்டு ஓவியப் படிகளைக் களைந்து, இந்திய ஓவியங்களைத் திரட்டினார். அவரோடு இணைந்து உழைத்த அவனீந்திரநாத் தாகூரின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பின்னர் சென்னைப் பள்ளிக்குத் தலைவரானார். மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைப்பே. சென்னை கல்கத்தாவுக்கு ஆசிரியரைத் தந்தது. வங்கம் அக்கடனை வட்டியோடு திருப்பித் தந்தது.

பெஹாலாவிலேயே, சத்யேன் ராய் சாலையில், 1962இல் தோன்றிய மாநிலத் தொல்பொருள் காட்சிச்சாலை இருக்கின்றது. பால, சேன மன்னர் காலத்துச் சிற்பங்களும், மால்தா மாவட்டத்து ஜகஜீவன்பூர் அகழ்வில் கிடைத்த சுடுமண் பலகைகளும் அங்குள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் படை கங்கைக்கரை வரை வந்து எதிர்த்த மகிபாலன், அப்பால மரபினனே. சிதம்பரத்துக்கு அருகே மேலக்கடம்பூர்க் கோயிலில், காளையின்மேல் ஆடும் பத்துக்கைச் சிவனின் பாலர் பாணிச் செப்புத்திருமேனி உள்ளது. அதனை அறிந்தவர் பெஹாலாச் சிற்பங்களின் முன் அயலாராக நிற்க மாட்டார். சௌரங்கிக்குச் செல்லும் கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது இங்கும் வந்தால், அச்சிறு காட்சிச்சாலையும் ஒரு ஜாதுகர் ஆகும்.

ஆதலின் நேயர்களே, நீங்கள் வாழும் நகரம் எதுவாயினும், அங்குள்ள காட்சிச்சாலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடன் செல்லுங்கள். மூடிய கூடம் கண்டால், எப்போது திறக்கும் என்று கேளுங்கள். அவசரமாக எதையேனும் பெயர்ப்பது கண்டால், ஏன் என்று கேளுங்கள். கேட்பாரற்ற பொருளே கெடும். கதவைத் திறப்பது அரசின் கடமை. திறந்த கதவு மீண்டும் மூடாதிருக்க அதன் வழியே நடந்து செல்வது நம் கடமை.