தெளிந்து செய்யும் அறம்

(திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருக்கோயிலுக்கு வரும் நாம் உண்டியலில் ஒரு காசேனும் இடாமல் திரும்புவதில்லை. பசித்து வந்தவர்க்கு ஒரு பிடி சோறு இடாத வீட்டை நம் முன்னோர் வீடென்றே மதித்ததில்லை. அந்த ஈகைக் குணத்தையே குறிவைத்து இந்நாளில் ஒரு களவு நடைபெறுகிறது. அது தொலைபேசி வழியே வருகிறது. அதனைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

தொலைபேசி மணி ஒலிக்கிறது. எடுத்தால் இனிய குரல் ஒன்று, "ஐயா, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்திலிருந்து பேசுகிறோம். ஒரு குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை. மாலைக்குள் பணம் கட்டவேண்டும். தங்களால் இயன்றதை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்கிறது. கேட்ட மனம் உருகுகிறது. உருகுவது குற்றமன்று. ஆயினும் பேசுபவர் யாவர், இல்லம் எங்குள்ளது, அக்குழந்தை உண்மையில் உண்டா என்பவற்றுள் ஒன்றும் நாம் அறியோம்.

உண்மையான தொண்டு நிறுவனங்களும் தொலைபேசியில் உதவி கேட்பதுண்டு. ஆதலின் அழைப்பவர் அனைவரையும் கள்வர் என்று கடிதல் அறமாகாது. பிரித்தறிதற்குரிய அடையாளங்கள் சில உள.

முதலாவது, அவசரம். நாளை தருகிறேன் என்றால் நல்லவர் நன்றி கூறுவர், வஞ்சகர் விடமாட்டார். இரண்டாவது, முகவரியும் பதிவு விவரமும் கேட்டால் பேச்சை மாற்றுதல். மூன்றாவது, நிறுவனத்தின் வங்கிக் கணக்கை விடுத்துத் தனி ஒருவர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லுதல். நான்காவது, ஆசை காட்டுதல். "வரிச்சலுகை உண்டு, கொடுத்த தொகை முழுவதும் திரும்பிவிடும்" என்பர். 80ஜி என்று மக்கள் அறிந்த சலுகை, வரிக்குரிய வருமானத்தில் ஒரு கழிவே தவிர, கொடுத்த பணத்தைத் திருப்பித் தருவதன்று. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அதுவும் கிடையாது.

ஐந்தாவது, மிகக் கொடியது. "தங்கள் நன்கொடை இருமுறை வந்துவிட்டது, ஒன்றைத் திருப்பி அனுப்புகிறோம், இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. ஓ.டி.பி. எனப்படும் எண்ணையும் எவர்க்கும் சொல்லலாகாது.

பெயர் பெரிதாயின் நம்பிவிடலாமோ எனின், அதுவும் கூடாது. 2020 மார்ச்சில், கொரோனாப் பெருந்தொற்றின்போது, பி.எம். கேர்ஸ் என்னும் நிதி தொடங்கப்பட்டது. உடனேயே, அப்பெயரின் இறுதி எழுத்தை மட்டும் நீக்கிய போலிப் பணப்பரிமாற்ற முகவரி ஒன்று உலவியது. டெல்லிக் காவல்துறை எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் அயோத்தி இராமர் கோயிலின் பெயரால் போலிக் கியூ.ஆர். குறியீட்டைப் பரப்பி நன்கொடை திரட்டிய வஞ்சகம் வெளிப்பட்டது. துயரமும் தெய்வமும் ஆகிய இரண்டிடத்தும் நாம் கேள்வி கேட்கக் கூசுவோம் என்பதை அவர்கள் அறிவர்.

பெரியபுராணம் நாம் அறிந்ததே. திருக்கோவலூரில் அரசு புரிந்த மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல மாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிப் புத்தகக் கட்டினுள் படையை மறைத்து வந்தான். வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்ட நாயனார் அவனை வணங்கித் தம் உயிரையே ஈந்தார். "அவர் வழியில் நாமும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் என்ன?" என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நாயனார் ஈந்தது தமக்கே உரிய உயிரை. நாம் கள்வனிடம் இழப்பதோ பசித்த ஒருவர்க்குச் சேரவேண்டிய சோறு. நோயுற்ற ஒரு குழந்தைக்குச் சேரவேண்டிய மருந்து. மேலும், ஒருமுறை ஏமாந்தவர் பின்னர் உண்மையான ஏழை வந்து நின்றாலும் கதவைச் சாத்திவிடுகிறார். பணத்தினும் பெரிய இழப்பு அது.

அவ்வரலாற்றில் தத்தன் என்னும் வாயில் காவலன் ஒருவனும் உண்டு. அரசர் துயில்கின்றார், சமயம் அறிந்து புகவேண்டும் என்று முத்தநாதனைத் தடுத்தவன் அவன். வந்தவனை அவன் இகழவில்லை; சற்றுப் பொறுக்கச் சொன்னான். நம் தொலைபேசிக்கும் அத்தகைய தத்தன் ஒருவன் வேண்டும்.

"ஐயா, தங்கள் நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புங்கள். விசாரித்துச் செய்கிறேன்" என்று பணிவாகக் கூறித் தொலைபேசியை வைத்துவிடுங்கள். பிள்ளைகளிடமோ அண்டை வீட்டாரிடமோ கலந்து பேசுங்கள். மருத்துவமனையின் பெயரைச் சொன்னால், அவர்கள் தந்த எண்ணை விடுத்து, அம்மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடிக் கேளுங்கள். அருகிலுள்ள இல்லமாயின் நேரிற் சென்று, குழந்தைகளைக் கண்டு, கொடுத்து, இரசீது பெறுங்கள். திருக்கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்க விரும்புவோர் கோயில் அலுவலகத்திலேயே செலுத்தி இரசீது பெறலாம்.

மறுத்தால் பாவம் சூழும் என்று அச்சுறுத்துவோர்க்கு அஞ்சவேண்டா. சாபமிட்டு வாங்குவது தானமாகாது.

பணம் பறிபோயிற்றென அறிந்தால் ஒரு கணமும் தாழ்க்காமல் 1930 என்னும் எண்ணில் முறையிடுங்கள், வங்கிக்கும் அறிவியுங்கள். விரைந்து சொன்னால் பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. முதியோர் பலர், பிள்ளைகள் ஏசுவரே என்று நாணி மறைத்துவிடுகின்றனர். அந்த மௌனமே கள்வனுக்கு அரண். இளையோர்க்கு ஒரு வேண்டுகோள்: பெற்றோர் ஏமாந்தால் கடிந்து பேசாதீர்கள். நாணவேண்டியவன் திருடியவனே, இரங்கிக் கொடுத்தவர் நாணவேண்டியதில்லை.

ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், தெரிந்துதெளிதல் என்பதற்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒரே நூலில் உள்ளவை. இன்று மாலை ஓர் அழைப்பு வந்தால் உடனே பணம் அனுப்பாதீர்கள். ஆனால் கொடுக்க எண்ணிய அத்தொகையை மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவும் வேண்டா. உங்கள் தெருவிலேயே பள்ளிக் கட்டணம் கட்ட இயலாத ஒரு பிள்ளை இருக்கலாம். மருந்து வாங்க இயலாத ஒரு மூதாட்டி இருக்கலாம். அத்தொகை அங்கே சென்று சேரட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் ஈயும் மனத்தையும் தெளியும் அறிவையும் நமக்கு ஒருங்கே அருள்வானாக.