மேஜையை விட்டு இறங்காத லேப்டாப்

எங்க தெருவுல நண்பர் ஒருத்தர் மூணு வருஷத்துக்கு முன்னாடி லேப்டாப் வாங்கினார். "எங்கே வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம் சார்"னார்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். லேப்டாப் மேஜை மேல இருக்கு. குனிஞ்சு பார்த்துக் கழுத்து வலிக்குதாம். அதனால அடியில ரெண்டு பழைய டெலிபோன் டைரக்டரி. பக்கத்துல தனியா கீபோர்டு, மவுஸ். சார்ஜரைக் கழட்டுறதே இல்லை. மூணு வருஷத்துல அது போன ஒரே வெளியூர், சர்வீஸ் சென்டர்!

தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர்னு முதல்ல நல்லா வித்தது 1981-ல வந்த ஆஸ்போர்ன் 1. எடை சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம். உள்ளே பேட்டரியே கிடையாது! அதைக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்போர்ன் சின்ன வயசுல வளர்ந்தது நம்ம திருவண்ணாமலையில. காலமானது கொடைக்கானல்ல, 2003-ல.

இப்ப லேப்டாப் எடை குறைஞ்சிடுச்சு. ஆனாலும் அதே காசுக்கு டெஸ்க்டாப்ல வேகம் கூடக் கிடைக்கும். கீபோர்டுல காபி கொட்டினா, சில நூறு ரூபாய்ல வேற வாங்கிடலாம். லேப்டாப்ல கொட்டினா அது மதர்போர்டு வரைக்கும் இறங்கும். அப்புறம் நம்ம பர்ஸுக்குள்ள இறங்கும்.

ஒண்ணு ஒத்துக்கணும். கரண்ட் போனா டெஸ்க்டாப் பொட்டுன்னு அணைஞ்சிடும், தனியா யூபிஎஸ் வேணும். விடுதியில தங்கிப் படிக்கிற பிள்ளைக்கும் லேப்டாப்தான் சரி.

நண்பர்கிட்ட கேட்டேன்: "அடுத்தது டெஸ்க்டாப்தானே?"

"அதெப்படி சார்? திடீர்னு எங்கேயாவது கிளம்பணும்னா?"